மடித்த நீல அட்டைகள்

8 ஜூலை 2024, திங்கள்

ஷட்டரைத் தூக்கும்போது கைப்பிடி கையோடு வந்துவிட்டது. அக்பர் பாயிடம் சொன்னேன். "கட ஓடுதுல்ல, அது போதும்" என்றார். அவர் முதலாளி, நான் சர்டிபிகேட். கல்லாவுக்குப் பின்னால் கண்ணாடி போட்டு மாட்டியிருப்பது என் பெயர்தான் — எஸ். வஜீஹா, பதிவு பெற்ற மருந்தாளுநர். பெசன்ட் நகரில் பன்னிரண்டு வருஷமாக இதே கடை, இதே ஆடும் ஸ்டூல்.

பாஞ்சாலியம்மா மூன்று வாரமாக வரவில்லை. ஊரூர் குப்பத்தில் மீன் விற்பவர். ஐந்தாறு நாளைக்கு ஒருமுறை, கூடை காலியானதும் நேராக இங்கே வருவார். சீட்டெல்லாம் கிடையாது. முந்தானை முடிச்சை அவிழ்த்து, இரண்டாக மடித்த காலி மாத்திரை அட்டையைக் கல்லாமேல் வைத்து, "இதே குடு பாப்பா" என்பார். மூட்டு வலிக்கான நீல அட்டை. மருந்தின் பெயர் அவருக்குத் தெரியாது, நிறம்தான் தெரியும்.

எங்கள் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இப்படித்தான். டாக்டரிடம் மறுபடி போனால் ஃபீஸும் போச்சு, அரை நாள் வியாபாரமும் போச்சு. அதனால் காலி அட்டைதான் சீட்டு. நான் அதைப் பார்த்து அதே மருந்தை எடுத்துக் கொடுத்துவிட்டு, காலியைக் கம்பியில் குத்திவைப்பேன்.

வலி சரியாகியிருக்கும். நல்லதுதானே.

13 ஜூலை, சனி

பாஞ்சாலியம்மாவின் மகள் வந்தாள். கயல் என்று பெயர். தரமணியில் ஒரு கம்பெனி ரிசப்ஷனில் வேலை. மருந்து எதுவும் கேட்கவில்லை. கைப்பையிலிருந்து ஒரு காலி நீல அட்டையை எடுத்து என் முன்னால் வைத்தாள். இரண்டாக மடித்தது.

"அக்கா, இத எழுதுனது யாரு?"

அம்மாவுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டதாம். முகம் வீங்கி, மூச்சு வாங்கி, அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். வலி மாத்திரை எத்தனை நாளாகச் சாப்பிடுகிறார் என்றுதான் அங்கே முதலில் கேட்டார்களாம். வருஷத்துக்கு மேல் என்றதும் அந்த டாக்டர் பேனாவை மூடிவிட்டு இவளையே பார்த்தாராம்.

அய்யாதுரை டாக்டர் என்று சொன்னேன். எங்கள் கடைக்கு நேர் மேலே, மாடியில்தான் அவர் கிளினிக். எலும்பு டாக்டர். அந்தப் பெயர் என் வாயிலிருந்து எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது! கயல் போனில் எழுதிக்கொண்டாள். போகும்போது நன்றி வேறு சொன்னாள்.

14 ஜூலை, ஞாயிறு

அம்மா கிரைண்டரைப் போட்டாள். மீர்சாகிப்பேட்டையில் எங்கள் வீட்டுச் சுவரெல்லாம் பேருக்குத்தான். கல் சுற்றும் சத்தத்திலிருந்து தப்பிக்க எங்கேயும் இடமில்லை. இந்த வருஷம் பெருநாளுக்கு வந்த கிரைண்டர். நீல அட்டை கம்பெனி ரெப் விக்கி கொடுத்தது. அந்த அட்டையின் மாத எண்ணிக்கை நூற்றைம்பதைத் தாண்டியதற்குப் பரிசு. பெட்டியைப் பிரித்தபோது அம்மாவின் முகத்தைப் பார்க்கவேண்டுமே. இருபது வருஷமாகத் தோள்பட்டை நோக ஆட்டுக்கல்லில் ஆட்டியவள்.

எனக்கும் அன்று பெருமைதான். இல்லை என்று இங்கேயாவது எழுதாமல் இருக்கிறேன்.

27 ஜூலை, சனி

மாதக் கடைசி சனி. விக்கி எண்ண வரும் நாள்.

இந்த எண்ணிக்கை விஷயத்தை ஒருமுறை எனக்கே தெளிவாக எழுதிப் பார்க்கவேண்டும். கம்பெனி டாக்டருக்குச் செய்யவேண்டியதைச் செய்கிறது — மாநாடு, ஹோட்டல், போன டிசம்பரில் மனைவியோடு பாலித் தீவு. பதிலுக்கு அவர் தங்கள் மருந்தை எழுதுகிறாரா என்று அதற்குத் தெரியவேண்டும். அவரிடமே கேட்டால் எல்லா டாக்டரும் எழுதுகிறேன் என்றுதான் சொல்வார். அதனால் ரெப்கள் கீழே மருந்துக்கடைக்கு வந்து சீட்டுகளை எண்ணுவார்கள்.

விக்கிக்கு எண்ணிக்கை எப்போதும் குறைவாகவே வந்தது. மேனேஜர் போனில் கத்துவது எனக்கே கேட்கும். பாவமாக இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் நான்தான் சொன்னேன்: சீட்டு இல்லாமல் காலி அட்டையோடு வருகிறவர்களுக்கும் முதலில் எழுதியது அய்யாதுரை டாக்டர்தானே, அதையும் அவர் கணக்கில் சேர்த்துக்கொள்ளேன் என்று. அன்றிலிருந்து காலி அட்டையின் பின்பக்கம் "அ.து" என்று எழுதி, தேதி போட்டு, கம்பியில் குத்துகிறேன். எண்ணிக்கை மளமளவென்று ஏறியது. மேனேஜர் திடீரென்று வந்து சரிபார்ப்பார் என்பதால் பழையதையும் எறிவதில்லை. பின்னறையில் கம்பி கம்பியாகத் தொங்குகிறது.

எண்ணிக்கையை விக்கி மாடியில் போய்க் காட்டுவான். "அவ்வளவா எழுதுனேன்?" என்று டாக்டர் சிரிப்பாராம். சிரிக்காமல் ஒருதடவைகூடக் கேட்டதில்லை.

இன்று விக்கி எண்ணிக்கொண்டிருக்கும்போது பாஞ்சாலியம்மாவைப் பற்றிச் சொன்னேன். அவன் விரல் ஒரு அட்டையில் நின்றது. அப்புறம், "நாம இன்னா டாக்டராக்கா? எழுதுறது அவரு, துன்றது அவங்க. நாம சும்மா எண்ணிக்கினு கீறோம்" என்றான். விட்ட இடத்திலிருந்து மறுபடி எண்ணினான். நூற்று நாற்பத்தெட்டு. முன்மாதத்தைவிடக் குறைவு என்று உதட்டைப் பிதுக்கினான்.

அவன் போனதும் பின்னறைக்குப் போய் எல்லாக் கம்பியையும் இறக்கினேன். மற்றவர்கள் அட்டையை அப்படியே கொண்டுவருவார்கள். முந்தானையில் முடிவதற்காக இரண்டாக மடிப்பவர் அவர் ஒருவர்தான். மடிப்பு இருந்ததையெல்லாம் தனியாக எடுத்தேன்.

எழுபத்தொன்று. எல்லாவற்றிலும் என் கையெழுத்து.

28 ஜூலை, ஞாயிறு

எழுதாமல் இருக்கலாம் என்றுதான் நேற்று நிறுத்தினேன். எழுதிவிடுகிறேன்.

ஏப்ரல் மாதம். பெருநாள் முடிந்த வாரம். பாஞ்சாலியம்மா புடவையைக் கொஞ்சம் தூக்கிக் கணுக்காலைக் காட்டினார். விரலால் அழுத்தினார், குழி விழுந்து அப்படியே நின்றது. "காலு வீங்கிகினு கீது பாப்பா. இந்த மாத்திரையால இல்லியே?"

படித்தவள் நான். வலி மாத்திரையும் கால் வீக்கமும் சேர்ந்து வந்தால் என்ன என்று பரீட்சையில் எழுதி பாஸ் பண்ணியவள். "நாள் முழுக்க வெயில்ல நிக்கிறீங்கல்ல, அதாம்மா" என்றேன். பின்னால் நாலு பேர் நின்றிருந்தார்கள். அட்டையைக் கொடுத்து அனுப்பினேன்.

தெரியாமல் சொன்னேனா? இல்லை. யோசிக்காமல் சொன்னேனா? அதுவும் இல்லையே. அரை விநாடி யோசித்தேன். அந்த அரை விநாடி எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

1 ஆகஸ்ட், வியாழன்

"இதே குடு பாப்பா" என்று கேட்டது. நிமிர்ந்து பார்த்தால் இருமல் மருந்துக்கு வந்த யாரோ ஒரு ஆள். அவர் வாயே திறக்கவில்லையாம்.

29 ஆகஸ்ட், வியாழன்

மாதா கோயில் கொடியேற்றம். காலையிலிருந்தே காவிப் புடவையும் கூட்டமும். நடந்தே வந்தவர்களின் கால் கொப்புளத்துக்குக் களிம்பு கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துவிட்டது.

அந்தக் கூட்டத்தில் கயல் வந்தாள். டாக்டர்கள்மேல் வரும் புகார்களை விசாரிக்கும் குழுவுக்கு எழுதிப் போட்டிருக்கிறாள். இவ்வளவு காலம் இந்த மருந்தைச் சாப்பிடச் சொன்னார் என்பதுதான் அய்யாதுரை டாக்டர்மேல் புகார். வீட்டில் அரிசி டப்பாவுக்கு அடியில் பழைய சீட்டு கிடைத்ததாம். ஒரு எழுத்தும் புரியவில்லை. "டாக்டர் கையெழுத்து உங்களுக்குத்தானக்கா புரியும்" என்று நீட்டினாள்.

வாங்கினேன். போன வருஷம் ஏப்ரல் தேதி. மருந்தின் பெயர், 1-0-1, அதற்கு அப்புறம் அவர் வழக்கமாக எழுதும் சின்ன 5/7. காலையில் ஒன்று, இரவில் ஒன்று, ஐந்து நாள். பழைய காலத்து டாக்டர்கள் நாட்களை அப்படித்தான் எழுதுவார்கள். வேறு யாருக்கும் அது ஏதோ கணக்கு மாதிரித்தான் தெரியும்.

ஐந்து நாள். ஒரே ஒரு அட்டை. அவர் எழுதியது அவ்வளவுதான்.

"காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு" என்று படித்தேன். நிறுத்திவிட்டேன். கயல் தலையாட்டிக்கொண்டு எழுதினாள். "வேற ஒண்ணும் இல்லியாக்கா?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன்.

12 செப்டம்பர், வியாழன்

அக்பர் பாய்க்குப் புகார் விஷயம் தெரிந்துவிட்டது. சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போடாதபோதுதான் பயம். "நீ ஒண்ணும் சொல்லாத வஜீஹா. சீட்டு வந்துச்சு, குடுத்தோம். அந்தக் கம்பி எல்லாத்தையும் இன்னிக்கே குப்பைல போட்டுடு" என்றார்.

மற்ற கம்பிகளைப் போட்டுவிட்டேன். மடிந்த எழுபத்தொன்றையும் ஒரே கம்பியில் கோத்து, துணிக்கடைப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். எதற்கு? தெரியவில்லை. கிரைண்டர் இருக்கும் மேசைக்கு அடியில் தள்ளினேன். பையில் ஏன் மீன் வாடை அடிக்கிறது என்று அம்மா இரண்டு தடவை கேட்டாள். எனக்கு வாடையே தெரியவில்லை. அது இன்னும் மோசம்.

14 நவம்பர், வியாழன்

விசாரணை. சாட்சியாக என்னையும் கூப்பிட்டிருந்தார்கள்.

வராந்தாவில் பெஞ்சு ஒன்றுதான். ஒரு ஓரத்தில் அய்யாதுரை டாக்டர், மறு ஓரத்தில் நான். கயல் எதிரில் நின்றிருந்தாள். அவள் தண்ணீர் குடிக்கப் போனபோது டாக்டர் என்னைப் பார்க்காமலே சொன்னார்:

"நான் அஞ்சு நாள்தான் எழுதினேன். உனக்குத் தெரியும்."

"எண்ணிக்கை உங்களுக்கும் தெரியும் டாக்டர்."

அவர் கைக்குட்டையை எடுத்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். நானும் புடவை மடிப்பைச் சரிசெய்தேன். இரண்டு கௌரவமான மனிதர்கள்.

உள்ளே அவர் தன் நோட்டைக் காட்டி ஐந்து நாள் என்று நிரூபித்தார். சீட்டு இல்லாமல் விற்றீர்களா என்று என்னைக் கேட்டார்கள். இல்லை என்றேன். டாக்டர் மறுக்கவில்லை. மறுத்தால் எண்ணிக்கையைப் பேசவேண்டி வரும், பாலியைப் பேசவேண்டி வரும். அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, நான் அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. பேசிவைத்துக்கொள்ளாமலே எவ்வளவு ஒற்றுமை!

வெளியே வந்ததும் கயல், "நீங்க படிச்சப்போ அஞ்சு நாள்னு சொல்லலியேக்கா" என்றாள். கையெழுத்து சரியாகத் தெரியவில்லை என்றேன்.

15 நவம்பர், வெள்ளி

மழை. கடையில் யாருமில்லை. ஆனாலும் முடிச்சு அவிழ்க்கும் சத்தம். புடவை முடிச்சுக்குச் சத்தம் ஏது?

20 ஜனவரி 2025, திங்கள்

முடிவு வந்துவிட்டதாம். அக்பர் பாய் யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டு, கடையில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். டாக்டர்மேல் தவறில்லை. நோயாளி தன்னிச்சையாக நீண்ட காலம் மருந்து வாங்கி உட்கொண்டிருக்கிறார். அதாவது, தப்பு பாஞ்சாலியம்மாவுடையது.

டீயைக் குடித்தேன். குடிக்காமல் இருந்திருந்தால் மட்டும் என்ன.

25 ஜனவரி, சனி

கயல் கடைக்கு மன்னிப்புக் கேட்க வந்தாள். என்னிடம்.

"உங்க கடமேலயும் சந்தேகப்பட்டேன்க்கா. தப்பா எடுத்துக்காதீங்க. அம்மாவே ஒத்துக்கிச்சு, வேற வேற கடைல வாங்கித் துன்னேன்னு." இதைச் சொல்லும்போது அழுதாள். அம்மாவை இரண்டு நாளாகத் திட்டித் தீர்த்துவிட்டாளாம். படிக்காத ஜென்மம், உன் வாயாலேயே கெட்ட என்றெல்லாம் சொல்லிவிட்டாளாம்.

வேறு கடையா? அவர் வேறு எந்தக் கடைப் படியும் ஏறியதில்லை. அது எனக்குத் தெரியும். எழுபத்தொரு தடவை தெரியும்.

எதற்காக அப்படிச் சொன்னார்? ஏன் சொல்லணும்? யாரு கேட்டா இவங்கள?

2 பிப்ரவரி, ஞாயிறு

குப்பத்துக்குப் போனேன். துணிக்கடைப் பையோடு.

இத்தனை மாதத்தில் இன்றுதான் அவரைப் பார்க்கிறேன். பாதி ஆளாகிவிட்டார். இடது கையில் டயாலிசிஸ் ஊசிக்கான கட்டு. பக்கத்தில் ஒரு சின்ன டம்ளரில் தண்ணீர். ஒரு நாளைக்கு அளந்துதான் குடிக்கவேண்டுமாம். கடலுக்கு ஐம்பதடி தூரத்தில் உட்கார்ந்துகொண்டு. என்னைப் பார்த்ததும், "பாப்பா, வா வா, குந்து" என்று பாயைத் தட்டினார். கயல் தண்ணீர் கேன் வாங்கப் போயிருந்தாள்.

ஏன் வேறு கடை என்று சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"உன் கட போய்டும்ல. கண்ணாடிக்குள்ள உன் பேரு மாட்டிக் கீது. எனுக்குத்தான் போச்சு, உனுக்கும் போவணுமா? நீ நல்லதுக்குதான குடுத்த."

தலையை மட்டும் ஆட்டியிருந்தால் போதும். அவர் அதற்குமேல் கேட்டிருக்கமாட்டார். நான் வீட்டுக்கு வந்திருப்பேன், எல்லாம் முடிந்திருக்கும்.

"நல்லதுக்கு இல்லம்மா" என்றேன். "எண்ணிக்கைக்குக் குடுத்தேன்."

எல்லாவற்றையும் சொன்னேன். கம்பியை எடுத்து பாயில் வைத்துவிட்டுச் சொன்னேன். டாக்டர் எழுதியது ஐந்தே நாள் என்பது, விக்கி எண்ணுவது, பாலி, கால் வீக்கத்தைப் பார்த்து வெயில் என்று நான் சொன்னது, கிரைண்டர். எண்ணிக்கை விஷயம் பாஞ்சாலியம்மாவுக்கு எவ்வளவு புரிந்தது என்று தெரியவில்லை. கம்பியிலிருந்த ஒரு அட்டையைத் தொட்டு, மடிப்பைத் தடவிப் பார்த்தார். ஒன்றுதான் கேட்டார்.

"கிரைண்டர்ல மாவு நல்லா வருதா?"

"வருதும்மா."

"ம்" என்றார். வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்போதுதான் வாசலைப் பார்த்தேன். கயல் கேனை இடுப்பில் வைத்துக்கொண்டே நின்றிருந்தாள். எதிலிருந்து கேட்டாளோ தெரியாது. கேனை இறக்கிவைத்துவிட்டு வந்து, கம்பியிலிருந்து ஒரு அட்டையைத் திருப்பி, பின்பக்கம் படித்தாள். அ.து, தேதி. அடுத்தது. அதற்கடுத்தது. நாலைந்து பார்த்திருப்பாள்.

"அம்மாவ திட்டிட்டேன்" என்றாள். என்னிடம் சொன்னாளா, தனக்கே சொல்லிக்கொண்டாளா?

அப்புறம், "போயிடுங்க" என்றாள். கம்பியை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

3 பிப்ரவரி, திங்கள்

கடைக்குப் போனேன். ஷட்டர் கைப்பிடி இன்னும் சரிசெய்யவில்லை.

10 மார்ச், திங்கள்

ஒன்பதாம் நோன்பு. கயல் மறுபடி புகார் கொடுத்திருக்கிறாள். இந்தத் தடவை இரண்டு இடத்தில். ஒன்றில் டாக்டர் பெயரும் விக்கியின் கம்பெனிப் பெயரும். மருந்தாளுநர்களைப் பதிவு செய்யும் கவுன்சிலில் கொடுத்ததில் என் பெயர். கம்பியின் போட்டோவும் வைத்திருக்கிறாள். கடிதத்தைக் கடைக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள், கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.

வக்கீல் வைக்கச் சொன்னார் அக்பர் பாய். வேண்டாம், எல்லாம் உண்மை என்று எழுதிக் கொடுக்கப்போகிறேன் என்றேன். அப்படியென்றால் சாயங்காலம் நோன்பு திறந்துவிட்டுக் கணக்கை முடித்துக்கொண்டு போ என்றார். அவர் கொண்டுவந்து வைத்த கஞ்சி அப்படியே ஆறிக் கிடந்தது. அவர்மேல் எனக்குக் கோபமில்லை. சான்றிதழைக் கண்ணாடியோடு கழற்றிக் கொடுத்தார்.

24 ஆகஸ்ட் 2025, ஞாயிறு

போன மாதம் உத்தரவு வந்தது. ஓராண்டுக்கு என் பதிவு நிறுத்திவைப்பு. டாக்டருக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம். கம்பெனிக்கு ஒன்றுமில்லை, விக்கியை மட்டும் வேலையிலிருந்து நீக்கிவிட்டார்களாம். அம்மா கிரைண்டரைத் துணி போட்டு மூடி வைத்திருக்கிறாள். நான் சொல்லவில்லை. மாவு கடையில் வாங்குகிறோம்.

இன்று மதியம் கதவு தட்டும் சத்தம். கயல். உத்தரவில் இருந்த என் வீட்டு விலாசத்தை வைத்துத் தேடி வந்திருக்கிறாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. அம்மா கொண்டுவந்த தண்ணீரையும் தொடவில்லை. பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினாள். ஆஸ்பத்திரியில் பாஞ்சாலியம்மாவுக்கு மருந்தை மாற்றியிருக்கிறார்கள். கேட்டால் அவசர அவசரமாகச் சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுகிறார்களாம்.

"இத படிங்க" என்றாள். "முழுசா."

அக்கா என்று கூப்பிடவில்லை.

வெளிச்சத்துக்காக ஜன்னல் பக்கம் போய்ப் படித்தேன். ஐந்து மருந்து. ஒவ்வொன்றும் எதற்கு, எத்தனை, சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா, டயாலிசிஸ் நாளில் எதை விடவேண்டும். அவள் போனில் எழுதிக்கொண்டே வந்தாள். முடித்ததும் முதலிலிருந்து மறுபடி படிக்கச் சொன்னாள். படித்தேன். எழுதியதோடு சரிபார்த்தாள்.

"வலி மாத்திர எதுனா இருக்கா?"

"இல்ல."

"நல்லா பாத்தீங்களா?"

"பாத்தேன்."

சீட்டின் அடியில் இருந்த சின்ன எழுத்தின்மேல் விரலை வைத்தாள். "இது?"

"2/52. ரெண்டு வாரத்துக்குத்தான் எழுதியிருக்காங்க. அப்புறம் டாக்டர பாக்காம வாங்கக் கூடாது."

அதையும் எழுதிக்கொண்டாள். சீட்டை என் கையிலிருந்து வாங்கி, மடிக்காமல் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டாள். படியிறங்கிப் போனாள்.

இரண்டு வாரம் என்றால் செப்டம்பர் ஏழு. ஞாயிற்றுக்கிழமைதான். நான் வீட்டில்தான் இருப்பேன்.